ஐங்கோணம் ஆகாத கூண்டு

1985-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பதினொரு நாள் இடைவெளியில், இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியாயின. முதலாவது, நவம்பர் 14-இல் இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் வந்தது. அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்து கால்பந்து வடிவத்தில் ஒரு மூடிய மூலக்கூறாக அமைகின்றன என்று அது கூறியது. இரண்டாவது, நவம்பர் 25-இல் அமெரிக்காவின் 'பிசிகல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் வந்தது. அணுக்களின் ஓட்டத்தையும், அவற்றைப் பிணைக்கும் எலெக்ட்ரான்களின் நிலையையும் கணிப்பொறியில் ஒருசேரத் தொடர்ந்து கணக்கிடும் வழியை அது விளக்கியது. முதல் கட்டுரை உலகப் புகழ் பெற்றது. இரண்டாவதை அத்துறையினரைத் தவிர வேறெவரும் அறிந்திலர். ஆனால் போரான் நைட்ரைடு என்ற வெள்ளைப் பொடியின் வரலாற்றில் இவ்விரண்டும் பின்னர் ஒன்றுகூட நேர்ந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

போரான் நைட்ரைடு புதிய பொருளன்று. 1842-இல் ஆங்கில வேதியியலர் பால்மெயின், போரிக் அமிலத்தையும் பொட்டாசியம் சயனைடையும் சேர்த்துச் சூடாக்கி இதை முதன்முதலில் பெற்றார். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரை அறியாத மாணவர் இருக்க மாட்டார். அதில் உள்ள போரான்தான் இதிலும் உள்ளது. மற்றொரு தனிமமான நைட்ரஜன் நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு.

இப்பொருளில் வேதியியலரைக் கவர்ந்தது ஓர் எளிய கூட்டல் கணக்கு. கார்பன் அணுவுக்கு 6 எலெக்ட்ரான்கள். இரண்டு கார்பன் அணுக்களுக்கு 12. போரானுக்கு 5, நைட்ரஜனுக்கு 7. இவை இரண்டும் சேர்ந்தாலும் 12. ஆகவே இரண்டு கார்பன் அணுக்கள் நிற்கும் இடத்தில் ஒரு போரானும் ஒரு நைட்ரஜனும் நின்றால் ஏறத்தாழ அதே போன்ற பொருள் கிடைக்க வேண்டும். கிடைக்கவும் செய்கிறது. பென்சில் கரியான கிராபைட்டில் கார்பன் அணுக்கள் தேன்கூட்டைப் போல அறுகோணக் கட்டங்களாக, அடுக்கடுக்கான தாள்களாக உள்ளன. போரான் நைட்ரைடிலும் அதே அறுகோணத் தாள்கள்தாம். அதனால் அதற்கு 'வெள்ளை கிராபைட்' என்றே ஒரு பெயர் உண்டு. 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த வென்டார்ப், மிகுந்த அழுத்தத்தில் இதையே வைரத்தின் அமைப்புக்கு மாற்றிக் காட்டினார். கடினத்தில் அது வைரத்துக்கு அடுத்தபடியாக நின்றது. கிராபைட்டுக்கு ஒரு வெள்ளைத் தம்பி. வைரத்துக்கும் ஒரு தம்பி. அப்படியானால் 1985-இல் வந்த கால்பந்து மூலக்கூறுக்கு?

இக்கேள்விக்கு விடை காணுமுன் அந்தக் கால்பந்தைச் சற்று உற்றுநோக்க வேண்டும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஸ்மாலி, ராபர்ட் கர்ல், இங்கிலாந்திலிருந்து சென்றிருந்த ஹரால்டு குரோட்டோ ஆகியோர் மாணவர்களுடன் சேர்ந்து கிராபைட்டின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி ஆவியாக்கினர். ஆவி குளிர்ந்தபோது உண்டான கொத்துகளை எடை பார்த்தால், அறுபது அணுக்கள் கொண்ட கொத்து மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகக் காணப்பட்டது. அறுபதுக்கு அப்படி என்ன சிறப்பு? ஓரிரவு ஸ்மாலி தம் வீட்டில் காகிதத்தில் அறுகோணங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தார். எவ்வளவு ஒட்டினாலும் அவை மூடவில்லை. இடையிடையே ஐங்கோணங்களைச் சேர்த்ததும் காகிதம் தானே வளைந்து, அறுபது மூலைகளுடன் பந்தாக மூடிக்கொண்டது. இந்தக் கண்டுபிடிப்புக்காக மூவருக்கும் 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது.

(இங்கே ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. ஜப்பானிய வேதியியலர் எய்ஜி ஓசாவா இதே வடிவத்தை 1970-இலேயே சிந்தித்து ஜப்பானிய மொழி இதழ் ஒன்றில் எழுதியிருந்தார். மற்ற நாட்டார் அதைப் படிக்கவில்லை. குறை மொழியில் இல்லை.)

மூங்கில் பிளாச்சுகளால் அறுகோணக் கண் வைத்துக் கூடை முடைபவர்களுக்கு ஸ்மாலி கண்ட உண்மை பழையது. தட்டையாகப் போகும் முடைச்சல் வளைய வேண்டிய இடத்தில் ஐந்து பக்கமுள்ள கண் ஒன்றை அவர்கள் அமைப்பார்கள். இதன் கணக்கு, ஆய்லர் என்ற கணித மேதை 1750-இல் தம் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்த ஒரு விதியிலிருந்து கிடைக்கிறது. ஒவ்வொரு மூலையிலும் மூன்று விளிம்புகள் கூடும் மூடிய கூண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முகங்கள் அறுகோணமும் அதைவிடப் பக்கம் குறைந்த உருவங்களும் என்றால், ஆறிலிருந்து குறைந்த பக்கங்களைக் கூட்டினால் சரியாகப் பன்னிரண்டு வரும். ஐங்கோணத்தில் ஒரு பக்கம் குறைவு. ஆகவே பன்னிரண்டு ஐங்கோணங்கள் வேண்டும். அறுகோணங்கள் எத்தனையும் இருக்கலாம். கால்பந்தை எடுத்து எண்ணிப் பாருங்கள்: கறுப்பு ஐங்கோணங்கள் பன்னிரண்டுதான் இருக்கும்.

போரான் நைட்ரைடுக்குச் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. அதில் போரானுக்குப் பக்கத்தில் நைட்ரஜன், நைட்ரஜனுக்குப் பக்கத்தில் போரான் என்று மாறி மாறி நிற்க வேண்டும். போரானும் போரானும் கைகோத்தால் அப்பிணைப்பு வலுக்குறைந்தது. நைட்ரஜனும் நைட்ரஜனும் கைகோத்தாலும் அப்படியே. கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி ஆறு மணிகளைக் கோத்து வளையமாக்கினால் குறையில்லை. ஐந்து மணிகளைக் கோத்துப் பாருங்கள். ஓரிடத்தில் ஒரே நிறத்து மணிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தே தீரும். ஐங்கோணம் ஒவ்வொன்றிலும் தவறான பிணைப்பு ஒன்றாவது உண்டு என்பது இதன் பொருள். கால்பந்து வடிவில் ஐங்கோணங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே 30 போரானும் 30 நைட்ரஜனும் அந்த வடிவத்தில் சேர்ந்தால் குறைந்தது பன்னிரண்டு தவறான பிணைப்புகள் இருக்கும்.

மாற்று வழி உண்டா? உண்டு. நாற்கோணத்தில் இரண்டு பக்கம் குறைவு. எனவே ஆறு நாற்கோணங்கள் இருந்தால் கூண்டு மூடிக்கொள்ளும். நான்கு இரட்டைப்படை எண். மணிகள் முறை தவறாமல் மாறி நிற்கும். ஓர் எடுத்துக்காட்டு 12 போரானும் 12 நைட்ரஜனும் கொண்டு, 6 நாற்கோணங்களும் 8 அறுகோணங்களும் உடைய கூண்டு. ஆனால் நாற்கோணத்துக்கும் ஒரு விலை உண்டு. அறுகோணத்தில் இயல்பாக 120 பாகைக் கோணத்தில் நிற்க விரும்பும் பிணைப்புகள், நாற்கோணத்தில் ஏறத்தாழ 90 பாகைக்கு ஒடுங்க வேண்டும். வில்லை ஒடிகிற அளவுக்கு வளைப்பது போன்றது அது. எது பெரிய கேடு? தவறான துணையா, ஒடிகிற வளைவா? காகிதமும் கத்திரிக்கோலும் இதற்கு மறுமொழி கூறா. இரண்டு கேடுகளின் அளவையும் எலெக்ட்ரான்களின் கணக்கைப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

கணக்கு என்றால் எத்தகைய கணக்கு? இதற்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அணுக்களின் இயக்கத்தைக் கணிப்பொறியில் நடத்திப் பார்க்கும் கலை 1950-களில் அமெரிக்காவில் தொடங்கியது. 1957-இல் ஆல்டர், வெயின்ரைட் என்ற இருவர் அணுக்களைக் கெட்டியான கோலிக்குண்டுகளாகக் கருதி மோதவிட்டுப் பார்த்தனர். உண்மையான ஒரு திரவத்தைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்த பெருமை அனீசுர் ரஹ்மானையே சாரும். 1927-இல் ஐதராபாத்தில் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜிலும் பெல்ஜியத்தின் லூவெயினிலும் படித்து, 1960-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1964-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இருந்தவை 864 ஆர்கான் அணுக்கள். ஒவ்வோர் அணுவின்மீதும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கூட்டு, நியூட்டனின் விதிப்படி அதைச் சிறிது நகர்த்து, மீண்டும் விசையைக் கூட்டு, மீண்டும் நகர்த்து. செய்தது இவ்வளவுதான். வந்த விடைகள் உண்மையான திரவ ஆர்கானில் அளந்த அளவுகளோடு பொருந்தின. கண்ணாடிக் குடுவையும் அடுப்பும் இல்லாமல் ஒரு சோதனையை நடத்தலாம் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. இத்தகைய சோதனையை நாம் 'பாவனைச் சோதனை' என்று குறிப்போம்.

ஆர்கான் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைவதில்லை. அதனால் அவற்றின் விசைக்கு ஒரு சிறு வாய்பாடு போதும். பிணைப்புகள் உடைவதும் புதிதாக உண்டாவதுமாக இருக்கும் இடத்தில் அந்த வாய்பாடு பயன்படாது. அங்கே எலெக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்பதைக் குவாண்டம் விதிகளின்படி அடிக்கு அடி கணக்கிட வேண்டும். அக்காலக் கணிப்பொறிகளுக்கு அது எட்டாத கனி. 1980-ஐ ஒட்டி இத்தாலியரான மிக்கேலே பரினெல்லோ ஆர்கானில் ரஹ்மானுடன் சேர்ந்து பணியாற்றினார். பின்னர் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ரொபர்ட்டோ காருடன் சேர்ந்து, அணுக்களையும் எலெக்ட்ரான்களையும் ஒரே ஓட்டத்தில் நகர்த்தும் உபாயத்தைக் கண்டார். தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட இரண்டாவது கட்டுரை அதுதான். 1987-இல் ரஹ்மான் காலமானார். கணிப்பொறி இயற்பியலுக்கென அமெரிக்க இயற்பியல் கழகம் அவர் பெயரில் ஏற்படுத்திய பரிசு 1995-இல் கார், பரினெல்லோ இருவருக்கும் வழங்கப்பட்டது.

இனி நம் கூண்டுக்குத் திரும்புவோம். 1993-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்சன், டாஃப்ட்லண்டு ஆகியோர் 24 கார்பன் அணுக்களையும், 12 போரான் 12 நைட்ரஜன் அணுக்களையும் வெவ்வேறு வடிவங்களில் அமைத்துக் கணக்கிட்டு ஒப்பிட்டனர். போரான் நைட்ரைடில் நாற்கோணக் கூண்டு தெளிவாக வென்றது. வளைவைப் பொறுத்துக்கொள்ளலாம், தவறான துணையைப் பொறுக்க முடியாது என்பது விடை. 1997-இல் ஜெர்மனியின் சைஃபர்ட், இங்கிலாந்தின் பௌலர் முதலியோர் பெரிய கூண்டுகளையும் ஆராய்ந்தனர். அவற்றுள் 12, 16, 28 போரான்களும் அதே அளவு நைட்ரஜன்களும் கொண்டவை தனிச் சிறப்புடையவை என்று கூறினர். இதற்கு அவர்கள் கையாண்ட முறை, எலெக்ட்ரான் கணக்கில் பல பகுதிகளை முன்கூட்டியே கணக்கிட்டுப் பட்டியலாக வைத்துக்கொள்ளும் சிக்கன முறை. சிக்கனம் என்பதால் இதை எள்ளிவிட வேண்டாம். பின்னால் வரும் பெரிய பாவனைச் சோதனை இதைக் கொண்டுதான் நடந்தது.

எந்தக் கூண்டு உறுதியானது என்பது ஒரு கேள்வி. அந்தக் கூண்டு எப்படி உண்டாகிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி. கட்டி முடித்த வீட்டின் வலுவைக் கணக்கிட்டுவிடலாம். கொத்தனார் இல்லாமல் செங்கற்கள் தாமே ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டது எப்படி? அணுக்களுக்கு ஆய்லரின் விதி தெரியாது. ஆறு நாற்கோணம் வேண்டும் என்று எந்தப் போரானும் எண்ணிப் பார்ப்பதில்லை.

1998-இல் பிளேஸ், டி விட்டா, சார்லியே ஆகியோருடன் ரொபர்ட்டோ காரும் சேர்ந்து இதில் இறங்கினார். அவர்கள் எடுத்துக்கொண்டது கூண்டின் நெருங்கிய உறவான குழாய். போரான் நைட்ரைடுத் தாளைச் சுருட்டினாற் போன்ற மெல்லிய குழாய்கள் இருக்க முடியும் என்று 1994-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கணக்கிட்டுக் கூறினர். மறு ஆண்டிலேயே அங்கு அவை செய்து காட்டவும் பட்டன. குழாயின் திறந்த வாயை மூடினால் அது பாதிக் கூண்டு. கார் குழுவினர் அந்த வாயை மிக உயர்ந்த வெப்பத்தில் கணிப்பொறிக்குள் நடமாடவிட்டுப் பார்த்தனர். விளிம்பில் போரானும் நைட்ரஜனும் அடுத்தடுத்து வரும்படி வெட்டிய குழாயில் ஒழுங்கான கட்டங்கள் அமைய வழியிருந்தது. ஒரே இன அணுக்கள் வரிசையாக நிற்கும் விளிம்புடைய குழாயிலோ அணுக்கள் திண்டாடின. ஒழுங்கான துணை கிடைக்காமல், தவறான பிணைப்புகளோடு உருக்குலைந்து வாய் மூடிக்கொண்டது. திண்டாட்டம் என்றே பொருள்படும் ஒரு சொல்லை அவர்கள் தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார்கள். இதில் மிகையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதே 1998-இல் கண்ணுக்கும் சான்று கிடைத்தது. ஜப்பானின் சுகுபா நகரில் கோல்பெர்க், பாண்டோ முதலியோர் போரான் நைட்ரைடின்மீது எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தனர். தாள்கள் சுருண்டு கூண்டுகளாயின. கார்பன் இவ்விதம் சுருளும்போது வெங்காயத்தின் குறுக்குவெட்டைப் போல உருண்டையான படம் தெரியும். இங்கே தெரிந்தவை உருண்டையல்ல; கோணங்கோணமாக மூலைகளையுடைய உருவங்கள். எட்டு முகங்களும் ஆறு முனைகளும் கொண்ட எண்முகிகள்! முனைக்கொரு நாற்கோணம் வீதம் ஆறு நாற்கோணங்கள். காகிதத்தில் எண்ணியதும் கணிப்பொறியில் கணக்கிட்டதும் நுண்ணோக்கியில் எதிரே நின்றன. 2004-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஓகு குழுவினர், 12 போரானும் 12 நைட்ரஜனும் கொண்ட மூலக்கூறின் அடையாளத்தை எடை பார்க்கும் கருவியில் கண்டனர்.

ஆயினும் நுண்ணோக்கி காட்டியது ஒரு திடப்பொருள் கற்றையின் அடியில் சிதைந்து திரும்பச் சேர்வதை. சூடான வாயுவில் தனித்தனியாகப் பறக்கும் அணுக்களும் சிறு மூலக்கூறுகளும் எப்படிக் கூண்டாகின்றன என்பதை அது காட்டவில்லை. அந்த நிகழ்ச்சி நடக்கும் வேகத்தில் எந்தக் கருவியாலும் அணு அணுவாகப் படமெடுக்க இயலாது. அங்கே பாவனைச் சோதனை ஒன்றுதான் கண்.

கார்பனில் இந்தக் கண் எதிர்பாராத ஒன்றைக் காட்டியிருந்தது. 2006-இல் ஸ்டீபன் இர்லே, கெய்ஜி மொரோகுமா முதலியோர் நடத்திய பாவனைச் சோதனையில், அறுபது அணுப் பந்து சிறிதிலிருந்து பெரிதாக வளரவில்லை. முதலில் அதைவிடப் பெரிய, ஒழுங்கற்ற கூண்டு உண்டாகி, பின்பு சூட்டில் துணுக்குகளை உதறி உதறிச் சுருங்கியது. போரான் நைட்ரைடில் இதே பாதை செல்லுமா? கார்பனுக்கு இல்லாத ஓர் இடையூறு இங்கே உண்டு. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் தனியே சந்தித்தால் மும்மைப் பிணைப்பால் இணைந்து நைட்ரஜன் வாயுவாகிவிடும். அந்தப் பிணைப்பு வேதியியலில் மிக வலுவானவற்றுள் ஒன்று. கூண்டுக்குள் வேண்டாத துணையாக இருக்கும் அதே நைட்ரஜன், கூண்டுக்கு வெளியே பிரிக்க முடியாத துணையாகிறது. கட்டடத்துக்கு வேண்டிய பாதிச் செங்கல் இப்படிக் காற்றோடு போய்விட்டால் போரான் மட்டும் தனித்து நிற்கும். குழாய்களைச் செய்பவர்கள் உயர்ந்த அழுத்தத்தில் நைட்ரஜனை நிரப்பிச் செய்யும் முறைகளை 2009-க்குப் பிறகு வளர்த்ததற்கு இது ஒரு காரணம்.

2018-இல் கிரிஸ்டிச், ஹான், இர்லே, நகாய் ஆகிய நால்வர் இந்தக் கேள்வியை அகலமாக எடுத்துக்கொண்டனர். போரான், நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகியவை வெவ்வேறு விதமாகச் சேர்ந்த பதினொரு தொடக்கப் பொருள்களைத் தேர்ந்து, 1,500 முதல் 6,000 கெல்வின் வரை பல வெப்பநிலைகளில், நெருக்கமான வாயுவாக ஓடவிட்டனர். ஒரே கலவை ஒரு வெப்பநிலையில் ஒன்றும், வேறு வெப்பநிலையில் வேறொன்றும் தந்தது. கூண்டுகள் வந்தன, செதில்கள் வந்தன, குழாய்கள் வந்தன, உருவமற்ற குப்பையும் வந்தது. எந்தப் பொருளோடு எந்த வெப்பத்தில் தொடங்கினால் ஒழுங்கான அமைப்பு விரைவாகக் கிடைக்கும் என்று மதிப்பெண் போட்டுச் சொல்லவும் அவர்களால் முடிந்தது.

வாசகர் இங்கே ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கையாண்ட அணுக்கள் ஏறத்தாழ 1,300 வரை. ரஹ்மான் 1964-இல் கையாண்டவை 864. ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் கணிப்பொறிகள் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டன. அணுக்கள் மட்டும் ஒன்றரை மடங்குதானா? அந்த வேகமெல்லாம் எலெக்ட்ரான் கணக்குக்கே போய்விட்டது. ரஹ்மானின் அணுவுக்கு ஒரு சிறு வாய்பாடு. இவர்களின் அணுவுக்கு ஒவ்வோர் அடியிலும் புதிய குவாண்டம் கணக்கு.

நேரத்திலும் இதே முடை உண்டு. இத்தகைய சோதனையில் ஓர் அடி என்பது ஒரு பெம்டோ வினாடி அளவு. பத்து லட்சம் அடிகள் வைத்தால்தான் ஒரு நானோ வினாடி, அதாவது ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, கழியும். நால்வர் நடத்திய சோதனையின் மொத்த நேரம் அந்த ஒரு நானோ வினாடிதான். அதற்குள் அணுக்கள் போதிய அளவு மோதிக்கொள்ள வேண்டுமானால் அவற்றை நெருக்கி அடைக்க வேண்டும்; உலையில் இருப்பதைவிட மிக நெருக்கமாக. சாவகாசமாக நடக்கும் வேலையை அவசரமாக நடத்திக் காட்டுவதுபோல இது. அவசரத்தில் செய்த கூண்டும் சாவகாசத்தில் செய்த கூண்டும் ஒரே பாதையில் வந்தவையா என்று கேட்பது நியாயமான கேள்வியே. பாவனைச் சோதனை காட்டியதை உலையில் திரும்பக் காணும் வரை அது பாதி விடைதான் என்பது என் கருத்து.

கார்பன்-60-க்கு அந்த நாள் 1990-இல் வந்தது. கிராட்ச்மர், ஹஃப்மன் ஆகியோர் அதைப் புகைக்கரியிலிருந்து பிரித்து, பென்சீனில் கரைத்துச் சிவந்த நீர்மமாகக் கண்ணெதிரே காட்டினர். போரான் நைட்ரைடுக் குழாய்கள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. இருபத்து நான்கு அணுக்கள் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு கூண்டையோ இன்னும் எவரும் புட்டியில் நிரப்பிக் காட்டவில்லை. அது எடை பார்க்கும் கருவி வரையும் கோடுகளிலும், நுண்ணோக்கியின் மங்கலான படங்களிலும், கணிப்பொறிகளுக்குள்ளும் இருக்கிறது.